பெரியம்மாவுக்கு சிறுகுடல்ல கட்டி: ரிப்போர்ட்ல கார்சினோமா, சர்ஜன் ஆஞ்சியோசார்கோமாவா இருக்கலாம்ங்கிறார்

விருதை_வாணி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க படிச்சிட்டு மட்டும் போறவ நான், இப்பதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா இருந்தா மன்னிச்சிக்கோங்க. என் பெரியம்மாவுக்கு வயசு 61. போன தீபாவளிக்கு முன்னாடியே மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ரத்தம் எடுத்து பாத்தா ஹீமோகுளோபின் 6க்கு கீழ. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, மலம் கருப்பா போகுதுன்னாங்க, அது மாத்திரையால தான்னு எல்லாரும் விட்டாச்சு. அப்புறம் ரத்தம் ஏத்துறது, ரெண்டு வாரம் தெளிவா இருக்கிறது, திரும்ப இறங்குறது, இதே கதை. மேல எண்டோஸ்கோபி பண்ணாங்க, ஒன்னும் இல்ல. கொலனோஸ்கோபில மூலம் மட்டும் இருக்குன்னாங்க. கடைசியா சிடி ஸ்கேன்ல சிறுகுடலோட கடைசிப் பக்கம் ஒரு இடத்துல சுவர் தடிச்சு வழி சுருங்கி இருக்குன்னு வந்துச்சு. ஒரு டாக்டர் குடல் டிபின்னார், இன்னொருத்தர் லிம்ஃபோமா, அதாவது நிணநீர் கேன்சர்னார். கடைசில ஆபரேஷன் பண்ணி அந்தத் துண்டை எடுத்துட்டாங்க.

பயாப்சி ரிப்போர்ட்ல "புவர்லி டிஃபரன்ஷியேட்டட் கார்சினோமா"ன்னு போட்டிருக்கு, கார்சினோமான்னா உறுப்போட உள்பூச்சு செல்லுல வர்ற கேன்சராம். கீழ ஐஹெச்சின்னு (சாயம் போட்டு எந்த வகை செல்னு பாக்கிற டெஸ்ட்): பான் சைட்டோகெரட்டின் பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ், சிடிஎக்ஸ்2 நெகட்டிவ், எல்சிஏ (லிம்ஃபோமாவுக்குப் பாக்கிறது) நெகட்டிவ். கீமோ டாக்டர் குடல் கேன்சருக்கு குடுக்கிற மருந்தையே ஆரம்பிச்சிடலாம்ங்கிறார். ஆனா ஆபரேஷன் பண்ண சர்ஜன் மட்டும், "எனக்கு மனசு ஒப்பல, உள்ள பாக்கும்போது கட்டி ஊதா கலர்ல இருந்துச்சு, தொட்டா ரத்தம் கசியுது, பக்கத்துல சின்னச் சின்னதா வேற இருந்துச்சு, ஆஞ்சியோசார்கோமாவா, அதாவது ரத்தக் குழாய் கேன்சரா இருக்கலாம், பிளாக்கை (மெழுகுல பதிச்சு வச்ச கட்டித் துண்டு) வேற இடத்துல காட்டுங்க"ன்னு சொன்னார். வீட்ல மாமா, கேன்சர்னு தெரிஞ்சாச்சு இனிமே என்ன ஆராய்ச்சின்னு கத்துறார். காட்டுறதா, இல்ல கீமோ ஆரம்பிக்கிறதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

தெக்கத்தி_சுந்தர்:
மாமா சொல்றதுல தப்பு இல்லமா. எங்க அத்தைக்கு இப்படித்தான் இன்னொரு லேப், இன்னொரு லேப்னு அலைஞ்சு காசும் போச்சு நாளும் போச்சு. பேரு எதுவா இருந்தா என்ன, கேன்சர்னா கீமோதான?

குடல்_டாக்டர்:
சுந்தர் சார், அத்தை விஷயத்துல உங்க வருத்தம் புரியுது, ஆனா பேரு எதுவா இருந்தா என்னங்கிறத ஒத்துக்க முடியாது. குடல் அடினோகார்சினோமாவுக்கு (சுரப்பி செல்லுல வர்ற சாதா குடல் கேன்சர்) ஆக்ஸாலிப்ளாட்டின், கேப்சிடபின்னு ஒரு வழி. ஆஞ்சியோசார்கோமான்னா அது ரத்தக் குழாயோட உள்சுவர் செல்லுல இருந்து வர்ற சார்கோமா (தசை, ரத்தக் குழாய் மாதிரி திசுவுல வர்ற கேன்சர்), அதுக்கு பாக்ளிடாக்ஸெல், டாக்ஸோரூபிசின்னு வேற வழி. ஜிஸ்ட்னா (குடல் சுவர்ல வர்ற இன்னொரு சார்கோமா) மாத்திரை, லிம்ஃபோமான்னா மொத்தமா வேற. பேரைத் தப்பா வச்சிட்டு குடுக்கிற கீமோவுல பக்கவிளைவு முழுசா வரும், பலன் மட்டும் வராது.

வாணி, நான் கேஸ்ட்ரோ டாக்டர், திசுவை மைக்ராஸ்கோப்புல பாக்கிற பேத்தாலஜி ஆள் இல்ல, அதனால ஸ்லைடு பத்தி அவங்க யாராவது வந்து சொல்லட்டும். என் பக்கத்துல இருந்து ரெண்டு மூணு விஷயம். மேலயும் கீழயும் ஸ்கோப்பு விட்டும் ஒன்னும் தெரியல, ஆனா ரத்தம் போய்ட்டே இருக்குன்னா நடுவுல இருக்கிற சிறுகுடல்தான் சந்தேகம். அது ஆறு மீட்டருக்கு மேல நீளம், சாதா ஸ்கோப்பு ரெண்டு பக்கமும் ஓரத்தை மட்டும் தொட்டுட்டு வந்துடும். குடல் ரத்தப்போக்குல இருபதுல ஒன்னுதான் சிறுகுடல்ல இருந்து வருது, அதனாலதான் எல்லாருக்கும் அது கடைசியா ஞாபகம் வருது. 2001ல கேப்சூல் எண்டோஸ்கோபி வந்துச்சு, ஒரு மாத்திரை சைஸ் கேமராவை முழுங்க வைக்கிறது. அதே சமயத்துல ஜப்பான்ல யமமோட்டோங்கிறவர் டபுள் பலூன் எண்டோஸ்கோபி கொண்டு வந்தார், அதுல உள்ள போய் துண்டே எடுக்கலாம். ஆனா குடல் சுருங்கி இருந்தா கேப்சூல் அங்கேயே மாட்டிக்கும், உங்க பெரியம்மாவுக்கு யாரும் அதைக் குடுக்காதது சரிதான்.

இதைப் படிக்கிற மத்தவங்களுக்கும் ஒன்னு. இரும்பு மாத்திரைல மலம் கருப்பு இல்ல கரும்பச்சையா ஆகும், உண்மைதான், ஆனா கெட்டியா வழக்கம் போலத்தான் போகும். தார் மாதிரி பிசுபிசுன்னு, ஒரு மாதிரி குடலைப் பிரட்டுற நாத்தத்தோட போனா அது ரத்தம். மாத்திரை மேல பழியைப் போட்டுட்டு இருக்கக் கூடாது.

கடைசியா ஒரு கேள்வி, முக்கியமானது. பெரியம்மாவுக்கு முன்னாடி எப்பவாவது வயித்துப் பக்கம் ரேடியேஷன் குடுத்திருக்காங்களா?

இயற்கை_நேசன்:
கீமோ எல்லாம் உடம்பைக் கெடுக்கும் சகோதரி. பப்பாளி இலைச் சாறு, முள் சீத்தா இலை கஷாயம், 48 நாள்ல...

மட்டுறுத்துநர்:
நேசன், இந்த இழைல இது வேண்டாம். ரத்தம் கசியிற குடல் இருக்கிற ஒரு ஆளுக்கு கஷாயம் சொல்ற இடம் இல்ல இது. மீதியை எடுத்துட்டேன்.

விருதை_வாணி:
டாக்டர் சார், ரொம்ப நன்றி. ஆமா, பெரியம்மாவுக்கு 2007ல கர்ப்பப்பை வாய்ல கேன்சர் வந்து கரண்ட் வச்சாங்க, உள்ளயும் ஏதோ கம்பி மாதிரி வச்சு குடுத்தாங்கன்னு அம்மா சொல்றாங்க. அது நல்லாகி பல வருஷம் செக்கப் எல்லாம் போய் க்ளியர்னு விட்டுட்டாங்க. அந்த ஃபைல் பெரியப்பா பெட்டில பத்திரமா இருக்கு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா? இந்த ஆஸ்பத்திரில யாரும் கேக்கல, பயாப்சிக்கு அனுப்புன ஃபார்ம்லயும் "சிறுகுடல் கட்டி"ன்னு மட்டும்தான் எழுதி இருக்கு.

ஸ்லைடு_சாமி:
பேத்தாலஜிஸ்ட் ஆஜர். இந்தக் கடைசி பதிவைப் பாத்ததும் நிமிந்து உக்காந்துட்டேன்.

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், நான் ஸ்லைடு பாக்கல, அதனால இதுதான்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க எழுதி இருக்கிறதைக் கோத்துப் பாத்தா பிளாக்கை அனுப்பாம கீமோ ஆரம்பிக்கவே கூடாதுங்கிறது என் கருத்து. இடுப்புப் பகுதியில ரேடியேஷன் வாங்கின இடத்துல பல வருஷம் கழிச்சு சார்கோமா வர்றது அபூர்வம்தான், ஆனா நல்லாத் தெரிஞ்ச விஷயம். கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு கதிர் வச்ச பெண்களுக்கு சிறுகுடல்ல ஆஞ்சியோசார்கோமா வந்ததா மருத்துவ இதழ்கள்ல கேஸ் ரிப்போர்ட் இருக்கு. சிறுகுடலோட கடைசிப் பகுதி இடுப்புக்குள்ள தொங்குறதால அது கதிர் படுற வழியிலதான் கிடக்கும். 1948லயே கேஹன் குழு இதுக்கு அளவுகோல் சொல்லி வச்சிருக்காங்க: கதிர் பட்ட இடத்துலயே வரணும், நடுவுல பல வருஷம் இடைவெளி இருக்கணும், பழைய கேன்சரும் புதுசும் திசு அளவுல வேற வேறயா இருக்கணும். உங்க பெரியம்மா விஷயத்துல முதல் ரெண்டும் பொருந்துது, மூணாவதுக்கு ஸ்லைடுதான் பதில் சொல்லணும்.

இப்ப ஏன் கார்சினோமான்னு ரிப்போர்ட் வந்துச்சுன்னு கேப்பீங்க. ரத்தக் குழாய் கேன்சர்னா மைக்ராஸ்கோப்புல ரத்தக் குழாய் மாதிரியே தெரியும்னு நினைக்கிறோம், தோல்ல வர்றதுல பல நேரம் அப்படித் தெரியும், ஒன்னோட ஒன்னு பின்னிக்கிட்ட கோணல்மாணலான வாய்க்கால்கள், உள்ள சிவப்பணு. ஆனா குடல்ல வர்றது பெரும்பாலும் எபிதீலியாய்டு வகை. பெரிய பெரிய செல், உருண்டையான நியூக்ளியஸ் (செல்லோட கரு), அதுக்கு நடுவுல எடுப்பா புள்ளி மாதிரி ஒரு நியூக்ளியோலஸ், கொத்துக் கொத்தா அடைச்சுக்கிட்டு, பாத்தா அப்படியே கார்சினோமா. அதுக்கு மேல கார்சினோமாவைக் காட்டுற சைட்டோகெரட்டின் சாயம் போட்டா அதுவும் இந்த வகைல பல கேஸ்ல பாசிட்டிவ் வரும். கெரட்டின் பாசிட்டிவ்னதும் கார்சினோமான்னு முடிச்சிடுறது, போலீஸ் சட்டை போட்டவன் எல்லாம் போலீஸ்னு நம்புற மாதிரி. அந்த ரிப்போர்ட் எழுதினவரை நான் குறை சொல்ல வரல. ஃபார்ம்ல ரெண்டு வார்த்தைதான், குடல்ல கட்டி, செல் கார்சினோமா மாதிரி, கெரட்டின் பாசிட்டிவ், யாரா இருந்தாலும் அந்தப் பக்கம்தான் போவாங்க. ஆனா குடல் செல்லைக் காட்டுற சிகே20ம் சிடிஎக்ஸ்2ம் ரெண்டும் நெகட்டிவ்னு வந்த இடத்துல கொஞ்சம் நின்னிருக்கலாம். சிறுகுடல் அடினோகார்சினோமால அது ரெண்டும் எப்பவும் பாசிட்டிவா வரும்னு இல்ல, இருந்தாலும் ரெண்டுமே இல்லன்னா வேற எங்கயாவது தேடணும்.

என்ன தேடணும்னா: ஈஆர்ஜி, சிடி31, சிடி34, மூணும் ரத்தக் குழாய் செல்லைக் காட்டுற மார்க்கர். இதுல ஈஆர்ஜிய நான் முதல்ல கேப்பேன், அது நியூக்ளியஸ்ல பளிச்சுன்னு தெரியும், குழப்பம் கம்மி. சிடி31 நல்ல மார்க்கர்தான், ஆனா மேக்ரோபேஜ் செல்லும் (கழிவைத் தின்னுற வெள்ளையணு வகை) அதை எடுத்துக்கும், கட்டிக்குள்ள மேக்ரோபேஜ் நிறைய இருந்தா ஏமாந்துடுவோம். சிடி34 சில ஆஞ்சியோசார்கோமால வரவே வராது, அதோட ஜிஸ்ட்லயும் பாசிட்டிவ் வரும். ஜிஸ்ட் இல்லன்னு உறுதி பண்ண சிடி117, டாக்1. இங்கயும் ஒரு குழி இருக்கு, சிடி117 சில ஆஞ்சியோசார்கோமாலயும் பாசிட்டிவ் வரும், அதை மட்டும் பாத்துட்டு ஜிஸ்ட்னு அதுக்கான மாத்திரை இமாடினிப் ஆரம்பிச்சா போச்சு. மெலனோமாவுக்கு (நிறமி செல் கேன்சர்) எஸ்100, சாக்ஸ்10. ரத்தக் குழாய்லயே வர்ற இன்னொரு வகையான காப்போசி சார்கோமாவுக்கு ஹெச்ஹெச்வி8. பழைய கர்ப்பப்பை வாய் கேன்சரே குடலுக்கு வந்திருக்கான்னு பாக்க பி40. கடைசியா சொன்னது ரொம்ப முக்கியம், பழைய ஹிஸ்டரி தெரிஞ்சவங்க முதல்ல அதைத்தான் சந்தேகப்படுவாங்க.

வயித்துவலி_குமார்:
அண்ணே இவ்ளோ சாயம் போடணுமா? இதெல்லாம் இல்லாத காலத்துல எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

ஸ்லைடு_சாமி:
குமார், பாதி நேரம் கண்டுபிடிக்கலங்கிறதுதான் நிஜம். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல வைபல் பலாடி பாடின்னு ஒன்னு தேடுவாங்க, 1964ல வைபலும் பலாடியும் கண்டுபிடிச்சது, ரத்தக் குழாய் உள்சுவர் செல்லுக்குள்ள குச்சி குச்சியா இருக்கும். கட்டி ரொம்ப முரடா மாறிட்டா அதுவும் தொலைஞ்சு போயிடும். அந்த ஜார்ஜ் பலாடிக்குத்தான் 1974ல நோபல் கிடைச்சது, ஆனா அது செல் அமைப்பு ஆராய்ச்சி மொத்தத்துக்கும் சேத்து. சரி, ஊர்க்கதைக்குப் போயிட்டேன்.

சாதா ஸ்லைடுலயே ஒரு தடயம் கிடைக்கலாம். செல்லுக்குள்ளயே ஒரு சின்ன ஓட்டை, அதுக்குள்ள ஒரே ஒரு சிவப்பணு. அந்தச் செல் தனியாவே ரத்தக் குழாய் கட்டப் பாக்குது. எனக்கு அதைப் பாத்தா அன்னைக்கு மத்த வேலை ஓடாது. ஆனா கட்டில பாதி ரத்தமும் செத்த திசுவுமா இருக்கும், அதுக்கு நடுவுல நல்ல செல் இருக்கிற ஓரத்தைத் தேடிப் பிடிக்கணும். எண்டோஸ்கோபில எடுக்கிற அரிசி அளவு துண்டுல பல நேரம் வெறும் ரத்தக்கட்டிதான் வரும், புண்ணுன்னு ரிப்போர்ட் போகும், ஆறு மாசம் ஓடிடும். உங்க கேஸ்ல முழுத் துண்டே எடுத்தாச்சு, அது பெரிய வசதி.

தெக்கத்தி_சுந்தர்:
சரி சார், நான் வாதத்துக்கு வரல. ஆனா இது அவ்ளோ அபூர்வம்னா அதுக்காக எல்லாரும் அலையணுமான்னுதான் கேட்டேன். நூத்துக்கு எத்தன பேருக்கு வரும்?

குடல்_டாக்டர்:
சாஃப்ட் டிஷ்யூ சார்கோமாவே கேன்சர்ல ஒரு சின்னப் பங்கு. அதுல நூத்துக்கு ஒன்னு ரெண்டுதான் ஆஞ்சியோசார்கோமா. அதுலயும் அதிகமா வர்றது வயசானவங்க தலைத்தோல், முகம், அப்புறம் மார்பகம், கல்லீரல். குடல்ல ஆரம்பிக்கிறது அதுக்குள்ளயும் ஒரு ஓரம். பெரும்பாலான கேஸ்ட்ரோ டாக்டர்கள் ஒன்னு கூடப் பாக்காம ரிடையர் ஆயிடுவாங்க. அதனால ரத்தம் குறைஞ்ச எல்லாரும் இதைத் தேடி அலையணும்னு நான் சொல்லவே மாட்டேன், நம்ம ஊர்ல கொக்கிப்புழு, மூலம், அல்சர், வலி மாத்திரை, டிபி இதெல்லாம்தான் முன்னாடி நிக்கும். ஆனா வாணி கேஸ்ல கதிர் வச்ச ஹிஸ்டரி இருக்கு, சர்ஜன் கண்ணால பாத்தது இருக்கு, மார்க்கர் பொருந்தல. இத்தனை கைகாட்டி நிக்கும்போது அபூர்வம்னு ஒதுக்குறது சரியில்ல.

அதோட, கதிர் வச்ச குடல் தானாவே பின்னாடி ரத்தம் கசியும், ரேடியேஷன் என்டரைட்டிஸ்னு பேரு, அது இதைவிடப் பல மடங்கு சகஜம். ஹிஸ்டரி தெரிஞ்சிருந்தா கூட அதுதான்னு சொல்லி ஒரு டாக்டர் விட்டிருக்க வாய்ப்பு உண்டு.

கோவை_மணி:
வணக்கமுங்க. எங்கப்பாவுக்கு வேற கட்டிங்க, ஆனா பிளாக் ரிவ்யூ வழி எனக்குத் தெரியுமுங்க, அதைச் சொல்லலாம்னு வந்தேன். பயாப்சி பண்ண லேப்புல போயி பாரஃபின் பிளாக்கும் ஸ்லைடும் வேணும்னு எழுதிக் குடுக்கோணும், நோயாளியோட அடையாள அட்டை நகல் கேப்பாங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். சில லேப்புல ஸ்லைடு மட்டும் குடுத்து அனுப்பப் பாப்பாங்க, விடாதீங்க, பிளாக் இருந்தாத்தான் புதுசா சாயம் போட முடியும். மெழுகுக் கட்டி அது, வெயில்ல கார்ல வச்சிட்டுப் போயிராதீங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி, பாண்டிச்சேரி ஜிப்மர், மும்பை டாட்டா மெமோரியல், எங்க முடியுதோ அங்க குடுக்கலாமுங்க. ஆள் போகோணும்னு கூட இல்ல, கட்டியும் காகிதமும் போனா போதுமான்னு முன்னாடியே போன் போட்டுக் கேட்டுக்கோங்க.

ஸ்லைடு_சாமி:
மணி சொன்னது நூத்துக்கு நூறு. அதோட ஒரு தாள்ல கையால எழுதியாவது வைங்க வாணி: 2007ல எந்தக் கேன்சர், எந்தப் பகுதிக்கு ரேடியேஷன், உள்கதிர் வச்சாங்களா, சிடில எந்த இடம், சர்ஜன் கண்ணால பாத்தது என்ன. சர்ஜனோட ஆபரேஷன் நோட் நகல் கிடைச்சா அதையும். முடிஞ்சா அந்தப் பழைய பயாப்சி ரிப்போர்ட்டும். நாங்க கண்ணாடித் துண்டைப் பாத்துட்டு ஜோசியம் சொல்றவங்க இல்ல, கதை தெரிஞ்சாத்தான் எந்தச் சாயம் போடணும்னே தோணும்.

விருதை_வாணி:
மாமாவை ஒரு வழியா சமாதானப்படுத்தியாச்சு, உண்மையச் சொன்னா உங்க பதிவை எல்லாம் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். கீமோ டாக்டரும் ரிவ்யூ வரட்டும்னு ஒத்துக்கிட்டார், கோவிச்சுக்கல. பிளாக் கொண்டு போய்க் குடுத்தாச்சு. ரிசல்ட் வந்ததும் சொல்றேன்.

குடல்_டாக்டர்:
நல்லது. காத்திருக்கிற நேரத்துல பெரியம்மா தலைமுடியை விலக்கி தலைத்தோல்ல ஊதாவா, காயம் மாதிரி ஏதாவது இருக்கான்னு நல்ல வெளிச்சத்துல பாருங்க. மார்பகமும். வேற எங்கயோ ஆரம்பிச்ச ஆஞ்சியோசார்கோமா குடலுக்கு வர்றதும் உண்டு. பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னா எடுங்க, இதயத்துக்கு எக்கோவும். பிளேட்லெட் எண்ணிக்கை குறையுதான்னும் கவனிங்க.

விருதை_வாணி:
வந்துடுச்சு. அப்படியே டைப் பண்றேன். ஈஆர்ஜி பரவலா பாசிட்டிவ், சிடி31 பாசிட்டிவ், சிடி34 ஆங்காங்கே, சைட்டோகெரட்டின் பாசிட்டிவ், பி40 நெகட்டிவ், சிடி117 லேசா, டாக்1 நெகட்டிவ், எஸ்100 நெகட்டிவ், ஹெச்ஹெச்வி8 நெகட்டிவ். எபிதீலியாய்டு ஆஞ்சியோசார்கோமா, முன்னாடி வாங்கின கதிர்வீச்சோட தொடர்புடையதா இருக்கலாம்னு எழுதி இருக்காங்க. தலைத்தோல்ல ஒன்னும் இல்ல. பெட் ஸ்கேன்ல கல்லீரல்ல ஒரு சின்னப் புள்ளி சந்தேகமா இருக்காம். வீட்ல யாரும் பேசிக்கல. அடுத்து என்ன?

ஸ்லைடு_சாமி:
வாணி, இந்த ரிசல்ட்ல சந்தோஷப்பட ஒன்னும் இல்ல, எனக்குத் தெரியும். இது முரட்டு நோய், கூகுள்ல போடறதுக்கு முன்னாடி டாக்டர் வாயால கேளுங்க.

குடல்_டாக்டர்:
சார்கோமா பாக்கிற டீம் இருக்கிற இடத்துக்குப் போங்க, சர்ஜன், கீமோ, ரேடியேஷன், பேத்தாலஜி எல்லாரும் சேந்து ஒரே மேசைல பேசுற இடம். வாராவாரம் பாக்ளிடாக்ஸெல் குடுக்கிறது இதுக்குப் பழகின வழி, பிரான்ஸ்ல 2008ல வந்த ஆஞ்சியோடாக்ஸ் ஆய்வுக்கு அப்புறம் நல்லாப் பரவினது. டாக்ஸோரூபிசின் இன்னொன்னு, அதுக்கு இதயம் தாங்குமான்னு பாப்பாங்க. பசோபனிப் மாத்திரையும் உண்டு. திரும்பக் கதிர் வைக்கிறது அதே இடத்துல சுலபம் இல்ல. கல்லீரல் புள்ளி என்னன்னு உறுதி பண்ணச் சொல்லுங்க, ஆனா ஊசி போட்டா ரத்தம் கசியிற கட்டி இது, அந்த முடிவை அவங்ககிட்ட விடுங்க. இன்னும் எவ்வளவு நாள் இருப்பாங்கன்னு டாக்டர்கிட்ட கேக்கத் தயங்காதீங்க. பெரியம்மாவே கேட்டா மறைக்காதீங்க, ஏற்கெனவே ஒரு கேன்சரைப் பாத்தவங்க அவங்க. வலிக்கும் ரத்தக் குறைவுக்கும் பாக்கிற பாலியேட்டிவ் டாக்டரை முதல் நாளே சேத்துக்கோங்க, கடைசிக்குன்னு தள்ளி வைக்க வேண்டாம்.

வயித்துவலி_குமார்:
ப்ரொப்ரனலால்னு பிபி மாத்திரை இதுக்கு வேலை செய்யுதுன்னு வாட்ஸ்அப்ல ஒன்னு வந்துச்சே டாக்டர்?

குடல்_டாக்டர்:
ஆராய்ச்சில இருக்கு, சில நோயாளிகளுக்கு கீமோவோட சேத்துக் குடுத்துப் பாத்திருக்காங்க. பெரிய ஒப்பீட்டு ஆய்வு இல்ல. ஹீமோகுளோபின் 7ல நிக்கிறவங்களுக்கு இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரையை வீட்ல நாமளா குடுத்தா மயங்கி விழுவாங்க. டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா ஆரம்பிக்காதீங்க.

விருதை_வாணி:
சென்னைல அப்பாயிண்ட்மென்ட் கிடைச்சிருக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பழைய அட்ரஸ்ல இருக்கு, அதை மாத்துறதுக்கு அண்ணன் அலைஞ்சிட்டு இருக்கான். பெரியம்மா நல்லா சாப்பிடுறாங்க, ரத்தம் ஏத்துனதுல முகம் தெளிஞ்சிருக்கு. ஒரே ஒரு கேள்வி, அக்கா கேக்கச் சொன்னா, கேக்கவே பயமா இருக்காம். இது பெரியம்மா பொண்ணுக்கும் வருமா?

ஸ்லைடு_சாமி:
அக்காகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. ஆஞ்சியோசார்கோமா பரம்பரையா வர்றது ரொம்ப ரொம்ப அரிது, ஸ்பெயின்ல சில குடும்பங்கள்ல பிஓடி1ங்கிற மரபணு மாற்றத்தோட இதயத்துல வந்ததா எழுதி இருக்காங்க, அது உங்க கதை இல்ல. உங்க பெரியம்மாவுக்கு வந்ததுக்குக் காரணம் தேடினா 2007 கதிர்தான் முன்னாடி நிக்குது. அதுக்காக அன்னைக்குக் கதிர் வச்சது தப்புன்னும் யாரும் வீட்ல பேச வேண்டாம், அது இல்லன்னா அந்தக் கேன்சரே அவங்களை இத்தனை வருஷம் விட்டு வச்சிருக்காது.

ஆனா அக்காவுக்கு 30 வயசு தாண்டி இருந்தா கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லுங்க. அது அம்மாவுக்கு வந்ததால இல்ல, எல்லாப் பொண்ணுங்களும் பண்ணிக்க வேண்டியது, அரசு ஆஸ்பத்திரிலயே பாக்குறாங்க. அக்காவுக்கு 9ல இருந்து 14 வயசுக்குள்ள பொண்ணு இருந்தா கர்ப்பப்பை வாய் கேன்சரைத் தடுக்கிற ஹெச்பிவி தடுப்பூசி பத்தியும் கேட்டுக்கோங்க. அப்புறம் சென்னைக்குப் போகும்போது பிளாக்கைத் திரும்ப வாங்கிக் கையோட கொண்டு போங்க, ஜீன் டெஸ்ட் ஏதாவது போடணும்னா மறுபடி அதைத்தான் கேப்பாங்க.

விருதை_வாணி:
அக்காவுக்கு 34, பாப்பாவுக்கு 10. சொல்லிட்டேன் சார். பிளாக் வாங்க நாளைக்கு அண்ணன் போறான்.